உலைக்காரரின் காது

கண்ணாடிப் புட்டி ஆலையில் எல்லாரும் அவரை உலைக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். வீட்டில் பெண்டாட்டிக்கு அது போதாது. அவர் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், "உங்க மூத்தாள் எப்படி இருக்கா?" என்று கேட்பாள். மூத்தாள் என்றால் உலை. கல்யாணத்துக்கு முன்பே மனுஷன் அதோடு குடித்தனம் நடத்த ஆரம்பித்துவிட்டார், தான் வந்தது இரண்டாம் தாரமாகத்தான் என்பது அவள் வாதம். அவரும் அதை மறுத்ததில்லை.

கண்ணாடி உலையை மூட்டினால் மூட்டியதுதான். விடுமுறை, கல்யாணம், சாவு எதற்கும் அணைக்க முடியாது. அணைந்தால் உள்ளே உருகிக் கிடக்கும் கண்ணாடி பாறையாக இறுகும், செங்கல் வெடிக்கும், அப்புறம் அது வெறும் இடிபாடு. தேய்ந்த செங்கல்லைக்கூட எரிய எரியத்தான் மாற்றுவார்கள். அப்படிப்பட்ட ராட்சசியைக் கட்டி மேய்த்தவர் அவர். உலைக்கு முதுகைக் காட்டி ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். இரைச்சல் மாறினால் எழுந்துபோய்ப் பார்ப்பார். மாறாவிட்டால் உட்கார்ந்தபடியே ஒரு குட்டித் தூக்கம் போடுவார். ஆலைச் சுவரை ஒட்டிய குடியிருப்பில்தான் வீடு என்பதால், வீட்டில் படுத்தாலும் அதே இரைச்சல்தான் தாலாட்டு.

அந்த உலைக்குத்தான் மூச்சு முட்ட ஆரம்பித்தது. ஊருக்கு எரிவாயு கொண்டுவரும் குழாய் பழசு. வீடுகள் பெருகிவிட்டன, அவற்றுக்குத்தான் முதல் உரிமை. குளிர் அதிகமான நாட்களில் வெந்நீருக்கும் கணப்புக்கும் வீடுகள் வாயுவை இழுத்துக்கொள்ள, ஆலைக்கு வரும் வாயு இளைத்துப்போய், தீ நாக்கை உள்ளே இழுத்துக்கொள்ளும். உலைக்காரர் புட்டி வார்ப்பதை நிறுத்தச் சொல்லி, கிடைத்த தீயை வைத்து உருகிய கண்ணாடி இறுகாமல் காப்பாற்றுவார். குழாய் நிறுவனம் பக்கத்தில் இன்னொரு குழாய் பதிக்கிறோம், வாயுவை அழுத்தித் தள்ளும் கம்ப்ரசர் நிலையத்தில் இன்னும் இரண்டு இயந்திரம் வைக்கிறோம் என்று ஒழுங்குமுறை ஆணையத்திடம் அனுமதி கேட்டிருந்தது. கேட்டது கேட்டபடியே கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. ஒரு தடவை அதிகாரி மாறினார். ஒரு தடவை வரைபடம் சரியில்லை என்றார்கள். வாய்தா கொடுப்பவர்களுக்கு என்ன, அவர்கள் வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டுதானே இருந்தது.

இதில் விதி செய்த வேலை ஒன்று உண்டு. அந்தக் கம்ப்ரசர் நிலையம் ஊரின் மறுகோடியில், உலைக்காரரின் ஒரே மகள் வீட்டுப் பின்சுவரை அடுத்து இருந்தது.

ஆணையம் ஒருவழியாகக் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குத் தேதி குறித்த பிறகு மகள் அவரை வீட்டுக்கு வரச் சொன்னாள். அவள் கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. மருமகனுக்கு வெளியூர் வேலை. இடுப்பில் இருந்த பேத்தி சிணுங்கிக்கொண்டே இருந்தது. மகள் அவரைச் சமையலறையில், பின்சுவர் ஓரமாக உட்காரவைத்தாள்.

"கேளுங்கப்பா."

"எதைம்மா?"

"எதையா? இந்தச் சத்தத்தைத்தான். பாப்பா முழுசா தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா? எனக்குத் தலை வெடிக்குது. இப்ப இருக்கறதுக்கே இப்படி. இன்னும் ரெண்டு மெஷின் வந்தா நாங்க எங்க போறது?"

அவர் கண்ணை மூடி மனசாரக் கேட்டார். குழாயில் தண்ணீர் சொட்டியது கேட்டது. பேத்தியின் வளையல் கிணுகிணுத்தது கேட்டது. வேறு எதுவும் இல்லை.

"எனக்கு ஒண்ணும் கேக்கலியேம்மா" என்றார்.

மகள் அவரை வெறித்துப் பார்த்தாள். "ஆலையில சொல்லிக்கொடுத்து அனுப்பினாங்களா?"

வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம் சொன்னபோது அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "பக்கத்துல நின்னு நான் கத்தறதே உங்களுக்குக் கேக்காது. அந்த மூத்தாள் போடற சத்தமும் அந்த மெஷின் போடற சத்தமும் ஒண்ணுதான். கேட்டுக் கேட்டு உங்களுக்கு அது மூச்சு விடற மாதிரி ஆயிடுச்சு. நான் போன வாரம் அங்க ஒரு நாள் தங்கினேன். கண்ணைக் கூட மூட முடியலை. பொண்ணு பொய் சொல்லலைங்க."

அவருக்குப் புரிந்தது. புரிந்ததுதான் வினையாகப் போயிற்று.

கூட்டம் நடந்த மண்டபத்தில் மகள் முன்வரிசையில் குழந்தையோடு இருந்தாள். ஆலைக்காரர்கள் பின்னால் கூட்டமாக நின்றார்கள். மேலாளர் உலைக்காரரின் தோளைத் தொட்டு, "நீங்க பேசினாத்தான் எடுபடும்" என்றார். வார்ப்புக்காரர்களும் அட்டைப்பெட்டி கட்டும் பெண்களும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

மகளைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். அவள் அழவில்லை. குழந்தை தூங்காததைச் சொன்னாள், வீட்டை விற்கப் பார்த்ததைச் சொன்னாள். வாங்க வந்த ஒரே ஆளும் வாசலிலேயே காதைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போய்விட்டாராம். அடுத்து உலைக்காரர். உலை அணைந்தால் என்ன ஆகும் என்று தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தார். தலைமை அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"முன்னாடி பேசினவங்க உங்க மகளாமே?"

"ஆமாங்கய்யா."

"அவங்க வீட்டுக்குப் போயிருப்பீங்க. சத்தம் எப்படி இருக்கு?"

அவர் தொண்டையில் இரண்டு வாக்கியம் இருந்தது. எனக்குக் கேட்கவில்லை என்பது ஒன்று. என் காதை நம்பாதீர்கள், அது உலைக்காரன் காது என்பது இன்னொன்று. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அது உண்மை. ஆனால் பின்னால் நின்றவர்களின் பார்வை முதுகில் சுட்டது. ராட்சசி மூச்சுக்குத் திணறும் சத்தம் அந்த மண்டபத்திலும் அவருக்குக் கேட்டது.

"எனக்குக் கேக்கலைங்கய்யா" என்றார், அதோடு நிறுத்திக்கொண்டார்.

ஆலைக்காரர்கள் கைதட்டினார்கள். மகள் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, அவரைத் திரும்பிப் பாராமல் வெளியே போனாள். அந்தக் கைதட்டலைப் போல அவரை அவமானப்படுத்தியது வாழ்நாளில் வேறெதுவும் இல்லை.

அதற்காகவாவது அனுமதி சட்டென்று வந்ததா? வரவில்லை. ஆணையம் ஆற அமர யோசித்தது. அடுத்த குளிர் முந்திக்கொண்டது. உலைக்காரர் ஸ்டூலைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு நின்றபடியே காவல் காத்தார். இந்தப் பக்கத்துத் தீயைக் குறைத்து அந்தப் பக்கம் கொடுத்தார், அந்தப் பக்கம் குறைத்து இந்தப் பக்கம் கொடுத்தார். சாகக் கிடக்கும் ஆளுக்குச் சொட்டுச் சொட்டாகப் பால் ஊற்றுகிற மாதிரிதான் இருந்தது. கடைசியில் முதலாளியே வந்தார். "போதும், விட்டுடுங்க" என்றார். கண்ணாடியை வடித்துவிட்டுத் தீயை அணைத்தது உலைக்காரரின் கைதான். ஆறும்போது செங்கற்கள் உள்ளே ஒவ்வொன்றாக வெடித்தன. அவர் காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

உலை ஆறிய பிறகுதான் அனுமதி வந்தது. கணக்கு முடித்துக்கொள்ளப் போனபோது மேலாளர் ஆணையை வாசித்துக் காட்டினார். சத்தம் பற்றிய புகார் ஏற்கும்படி இல்லை, புகார் சொன்னவரின் தகப்பனாரே கேட்கவில்லை என்று சொல்லியிருக்கிறார் என்று அதில் இருந்தது. குழாய் பதித்தார்கள், இயந்திரங்களை வைத்தார்கள். அந்த வாயு எங்கோ ஒரு மின் நிலையத்துக்குப் போயிற்று.

உலைக்காரருக்குத் தூக்கம் போயிற்று. சுவருக்கு அப்பால் சத்தமில்லாத வீட்டில் படுத்தால் காது விண்ணென்று வலித்தது. பெண்டாட்டி மூத்தாளைப் பற்றிய கிண்டலை அடியோடு விட்டுவிட்டாள். மகள் போன் செய்வதில்லை. ஒரு நாள் பெண்டாட்டி அவர் சட்டையை எடுத்துக் கையில் கொடுத்து, "போய்ப் பொண்ணு காலில் விழுந்தாலும் தப்பில்லை. போயிட்டு வாங்க" என்றாள்.

மகள் தெருவில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவர் அப்படியே நின்றார். உலை! உலை எரிகிறது! உடம்பெல்லாம் சிலிர்த்தது, கால் தானாக ஓடப் பார்த்தது. இரண்டு எட்டு வைத்த பிறகுதான் அது எங்கிருந்து வருகிறது என்று புத்திக்கு எட்டியது. அங்கேயே ஒரு மதிலைப் பிடித்துக்கொண்டார்.

மகள் கதவைத் திறந்தாள். பாதியாக இளைத்திருந்தாள்.

"கேக்குதும்மா" என்றார். "நல்லாக் கேக்குது. நான் பாவி."

அவள் திட்டவில்லை. திட்டவும் தெம்பு வேண்டுமே. "உள்ள வாங்க" என்றாள். குழந்தையை அவர் மடியில் வைத்தாள். "அவரோட அக்கா வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் கண்ணை மூடிட்டு வரேன். இங்க முடியலை. பாப்பாவைப் பாத்துக்குங்க."

அடுத்த தெருவில் இருந்த நாத்தனார் வீட்டுக்குத்தான் போனாள். அவர் பேத்தியை மார்போடு அணைத்துக்கொண்டு, பின்சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். இனி ஒரு நாளும் விடாமல் வந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தார். மகள் தூங்கி எழட்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தார். சுவர் முதுகில் அதிர்ந்துகொண்டே இருந்தது.

கண் விழித்தபோது வெயில் இறங்கியிருந்தது. மாதக்கணக்கில் இல்லாத தூக்கம், வாயோரம் எச்சில் வழியுமளவு தூக்கம். பேத்தி அவர் மடியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்திருந்தது. அழுது அழுது முகம் வீங்கி, விக்கல் எடுத்துக்கொண்டிருந்தது. வாசற்படியில் மகள் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"உங்களுக்கு மட்டும் இங்க எப்படிப்பா தூக்கம் வருது?" என்று கேட்டாள்.

அவர் குனிந்து, விக்கிக்கொண்டிருந்த பேத்தியைத் தூக்கக் கையை நீட்டினார்.