அம்பு மேடமும் மூன்று பேர் சோபாவும்

கணவர் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருக்கிறார். அம்பு மேடம் பழைய வினாத்தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, அவரை ஒரு பெட்டியாக வரைகிறார். பெட்டியின் நடுவிலிருந்து கீழ்நோக்கி ஓர் அம்பு: எடை. மேல்நோக்கி இன்னொன்று: நாற்காலி தாங்கும் விசை. இரண்டும் சமம். "வெளிய இருந்து வேற ஒரு விசையும் வரல. அதான் ஐயா அசையல" என்று சொல்லிவிட்டு, அடிக்கோலால் அவர் விலாவில் ஒரு குத்து விடுகிறார். ஐயா முடுக்கம் பெற்று எழுந்து உட்காருகிறார்.

கல்லூரியில் முதலாண்டுக்கு இயக்கவியல் நடத்துகிறவர் அவர். பட்டப்பெயர் மாணவர்களின் கைங்கரியம். எந்தக் கணக்கானாலும் சமன்பாட்டுக்கு முன்னால் படம் வந்தாக வேண்டும். படத்தில் விசைக்கொரு அம்பு இருந்தாக வேண்டும். "அம்பு போடாம எஃப் ஈக்வல் டு எம்ஏன்னு எழுதுறது, முகவரி எழுதாம தபால் போடுற மாதிரி" என்பார்.

எதையும் புள்ளியாக்கிவிடுவது இன்னொரு பழக்கம். சாய்தளத்தில் யானையே சறுக்கி வந்தாலும் "புள்ளின்னு வச்சுக்குவோம்" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார். நீளம், அகலம், தும்பிக்கை எல்லாம் தள்ளுபடி. அந்த யானைக்கு எங்கே அடிபடும் என்று கேட்ட மாணவன் வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டு, தானும் சற்று நேரம் ஒரு புள்ளியாக இருந்து பார்த்தான்.

இதையெல்லாம் குடும்பத்தில் காதுகொடுத்துக் கேட்கிற ஒரே ஆள் மாமியார்தான். அவருக்குக் கணக்கெல்லாம் கதை. கப்பியின் இருபுறமும் தொங்கும் எடைகளைப் பற்றி மருமகள் தொலைபேசியில் விளக்கினால், "ஐயோ பாவம், சின்னது மேல போயிடுச்சா? கயிறு தாங்குச்சா?" என்று கவலைப்படுவார். அம்பு மேடத்துக்கு மாமியார் என்றால் உயிர். ஒரு மருமகள் இப்படிச் சொன்னால் உலகம் நம்பாது. நம்பாவிட்டால் போகட்டும்.

மாமனார் காலமான பிறகு மாமியார் தனி வீட்டைக் காலிசெய்ய ஒப்புக்கொண்டார். ஒரே நிபந்தனை: அவரும் மாமனாரும் காலமெல்லாம் உட்கார்ந்து சண்டை போட்ட அந்த மூன்று பேர் சோபா எந்த வீட்டுக்குப் போகிறதோ, அங்கேதான் அவரும். கொழுந்தனுக்குத் தரைத்தள வீடு. கதவைத் திறந்தால் சோபா உள்ளே. அம்பு மேடம் குடியிருப்பது மாடியில், லிஃப்ட் கிடையாது. அத்தை தன்னோடு வந்துவிட வேண்டும் என்று அவருக்குக் கொள்ளை ஆசை. வாய்விட்டுக் கேட்க வெட்கமாக இருந்ததால், கணக்குப் போட்டார்.

சோபாவின் எடையைச் சாய்வுக்கு இணையாக ஒன்று, செங்குத்தாக ஒன்று என இரண்டு அம்புகளாகப் பிரித்தார். உராய்வைச் சேர்த்தார். படியில் பலகை போட்டுத் தள்ளினால் மூன்று ஆள் போதும் என்று விடை வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவர் மேலிருந்து கயிற்றை இழுக்க, கொழுந்தனும் அம்பு மேடமும் கீழிருந்து தள்ள, சோபா சொன்ன பேச்சைக் கேட்டு வழுக்கிக்கொண்டு ஏறியது. "உராய்வுகூட நான் போட்ட அளவுதான்" என்று மூச்சிரைத்தபடியே பெருமைப்பட்டுக்கொண்டார்.

பாதி வழியில் படிக்கட்டு திரும்பியது. சோபா திரும்பவில்லை. அதன் ஒரு கை சுவரில் இடித்தது, மறு கை கம்பியில் மாட்டியது. சாய்த்தார்கள், நிமிர்த்தினார்கள், தலைகீழாகக்கூடப் பார்த்தார்கள். கடைசியில் திருப்பத்திலேயே இறக்கி வைத்தார்கள். கணக்கில் எடை இருந்தது, சாய்வு இருந்தது, கயிற்றின் இழுவிசை இருந்தது. சோபாவுக்கு நீளம் மட்டும் இல்லை.

"அண்ணி, இந்தப் புள்ளிக்குக் கை, கால், முதுகு எல்லாம் இருக்கே" என்றான் கொழுந்தன். பிறகு, வண்டி கீழேதான் நிற்கிறது, சோபாவை இறக்கி ஏற்றி அம்மாவைத் தன் வீட்டுக்கே அழைத்துப்போவதாகத் தன்மையாகவே சொன்னான். அம்பு மேடம் மற்றவர்கள் முன்னால் அழக்கூடாது என்று கைப்பிடிக் கம்பியை முழு பலத்தோடு தள்ளினார். கம்பியும் அதே பலத்தோடு, விதி தவறாமல், அவரைத் திருப்பித் தள்ளியது.

சத்தம் அடங்கியதைக் கவனித்து, கீழே காத்திருந்த மாமியார் ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். சோபாவைப் பார்த்தார், மருமகளின் முகத்தைப் பார்த்தார்.

"நீளத்த விட்டுட்டேன் அத்தை" என்றார் அம்பு மேடம்.

மாமியார் சோபாவின் வலது ஓரத்தில், தன் வழக்கமான இடத்தில், உட்கார்ந்தார். படிக்கட்டுச் சன்னலிலிருந்து காற்று நன்றாக வருவதாகச் சொன்னார். பிறகு இளைய மகனிடம், "வண்டிக்காரரப் போகச் சொல்லிடுப்பா. சோபா காலைக் கழட்டுறதா, கையை அறுக்குறதான்னு அவ யோசிச்சு சொல்லட்டும்" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு, காலை மடக்கிச் சோபாவில் வைத்துக்கொண்டார்.

அம்பு மேடம் குனிந்து அந்தச் செருப்பு ஜோடியை எடுத்தார். சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு சோபாவின் முதுகின் மேல் ஏறி இறங்கி, மேல்படியில் உட்கார்ந்திருந்த கணவரைத் தாண்டிப் போய், தன் வீட்டு வாசலில் அதை ஒழுங்காக வைத்தார்.