பிளக்ஸில் மூன்று நாடுகள்

தங்கை மகள் கல்யாணத்துக்குத் தாய்மாமன்கள் நானும் தம்பியும் சேர்ந்து ஒரே பிளக்ஸ் வைப்பதாக முடிவானது. கோவில்பட்டிக் கடையில் எழுத்துகளைச் சரிபார்க்கும் வேலை எனக்கு. எங்கள் இருவர் மகன்களுக்கும் ஒரே வயது. ரெடிமேட் துணிக் கம்பெனியில் துணி வெட்டும் என் மகன் படத்துக்குக் கீழே ‘கட்டிங் மாஸ்டர், புதியம்புத்தூர்’ என்று போட்டிருந்தது. சொகுசுக் கப்பலில் சமையல் வேலை பார்க்கும் தம்பி மகன் படத்துக்குக் கீழே ‘கப்பல் வேலை, பனாமா நாடு’.

எனக்கு வயிறு எரிந்தது.

“கப்பலைப் பதிஞ்சதுதாம்ல பனாமாவுல. உன் மவன் அந்த நாட்டுல காலுகூட வச்சிருக்க மாட்டான். எடுத்திருவோம்” என்றேன். எடுத்துவிட்டால் வெறும் ‘கப்பல் வேலை’தான் மிஞ்சும் என்பது என் எண்ணம்.

தம்பி உடனே மகனுக்கு வீடியோ கால் போட்டான்.

“பெரியப்பா சொல்லுதது சரிதான். கம்பெனி இத்தாலி. நான் கப்பல் ஏறுதது ஸ்பெயின்ல” என்ற பையன், கம்பெனியின் நீளமான பெயரையும் சொன்னான்.

“அப்போ எல்லாத்தையும் போட்டிருவோம்ணே. நீங்க இல்லன்னா தப்பால்லா போயிருக்கும்!” என்றான் தம்பி.

பிழை வந்துவிடக் கூடாதே என்று கடைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து நானே ஒவ்வொரு பெயராகச் சொன்னேன். நாலாவது வரியில் அவர் நிறுத்தினார்.

“அண்ணாச்சி, இடம் பத்தல. புதியம்புத்தூரைக் கொஞ்சம் சின்னதாக்கிரட்டுமா?”

“அதுதான் எல்லாருக்கும் தெரிஞ்ச ஊராச்சே” என்றான் தம்பி.

நான் சின்னதாக்கச் சொன்னேன். அதோடு, கப்பல் கம்பெனிப் பெயரில் விட்டுப்போன ஒற்றெழுத்து ஒன்றையும் சேர்க்கச் சொன்னேன்.