வெர்னரின் மூக்கு

விஸ்கிக் கிளாஸை ராசன் உடனே வாயில் வைப்பதில்லை. முதலில் இடது மூக்கு, பிறகு வலது, பிறகு கண்ணை மூடிக்கொண்டு இரண்டும். எதிரே சாய்கதிரையில் இருக்கும் வெர்னர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"ஆசுப்பத்திரி மணக்குது," என்று தொடங்குவார் ராசன். "பொறு, அது போகட்டும். இப்ப தார்."

மூன்று வருடங்களுக்கு முன் வந்த கடும் காய்ச்சல் வெர்னரின் மோப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது. விஸ்கி அவருக்கு இப்போது வெறும் எரிவு. அன்றிலிருந்து ஞாயிறு பூசை முடிந்த கையோடு, மனைவி பிளோறன்ஸையும் கூட்டிக்கொண்டு ட்ராம் ஏறி ராசன் வந்துவிடுவார். அவர் மணந்து பார்த்துச் சொல்ல, வெர்னர் கேட்டுக் குடிப்பார்.

ஜெர்மனியின் டோர்ட்மண்ட் இரும்பாலையில் இருவரும் ஒரே உலையடியில் நின்றவர்கள். மன்னாரிலிருந்து அகதியாய் வந்த ராசனுக்கு அந்த முதல் மாரிக்குளிரில் 'நன்றி' என்ற ஒரு சொல்தான் டொச் மொழியில் தெரியும். வேலை முடிந்து உடுப்பு மாற்றும் அறையில் வெர்னர் ஒரு போத்திலைத் திறந்து மணக்கக் கொடுத்தார். புகை, உப்பு, தார் என்று ஒவ்வொன்றுக்கும் டொச்சில் பேர் சொன்னார். கடற்பாசி மணத்துக்குச் சொல் தெரியாமல் ராசன் கையை அலையலையாக ஆட்டிக் காட்டினார். வெர்னர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இவருக்கு டொச் படிப்பிச்சது பள்ளிக்கூடமில்லை, போத்தில்," என்பார் பிளோறன்ஸ்.

அந்தப் போத்தில் வந்தது ஸ்கொட்லாந்தின் மேற்குக் கடலில் உள்ள ஒரு சின்னத் தீவின் கில்மோரா வடிசாலையிலிருந்து. விறகுக்கு மரமில்லாத தீவு. சதுப்பில் புல்பூண்டு மக்கிப்போன மண்கட்டிகளை வெட்டிக் காயவைத்து எரித்து, அந்தப் புகையில்தான் பார்லியை உலர்த்தினார்கள். பீப்பாய்கள் கரையோரக் களஞ்சியத்தில் வருடக்கணக்காக உப்புக்காற்றைக் குடித்துக் கிடந்தன. எண்பதுகளில் விற்பனை விழுந்து வடிசாலை மூடப்பட்டது. தொண்ணூறுகளின் கடைசியில் புதிய ஆட்கள் வாங்கி அடுப்பை மறுபடி மூட்டினார்கள். கொஞ்ச நாளில் இங்கே இரும்பாலை அணைந்தது. அதைக் கழற்றிக் கப்பலேற்றிச் சீனாவுக்குக் கொண்டுபோனதை இருவரும் வேலியோரம் நின்று பார்த்தார்கள்.

போன மாதம், புது அடுப்பில் வடித்துப் பத்து வருடம் பீப்பாயில் கிடந்த முதல் விஸ்கி கடைக்கு வந்தது. வெர்னர் வாங்கி, திறக்காமல் ஞாயிறு வரை வைத்திருந்தார்.

"அந்த மனிசன் ஆசையோட இருக்கிறார். அதே பழைய மணம்தான் எண்டு சொல்லிவிடுங்கோ," என்றார் பிளோறன்ஸ் ட்ராமில்.

"ஓம்," என்றார் ராசன்.

ராசன் கிளாஸை மூக்கருகே பிடித்து மணந்தார். ஒரு வாய் குடித்தார். வெர்னர் கதிரையின் நுனிக்கு வந்திருந்தார்.

"பழைய புகைதானே?"

ராசன் பிளோறன்ஸைப் பார்க்கவில்லை. "இல்லை, வெர்னர். புகை நல்லாக் குறைஞ்சிட்டுது. தோடம்பழத் தோலை உரிச்ச மாதிரி ஒரு புளிச்ச வாசம் வருது. அது முந்தி இல்லை."

"தோடம்பழத் தோல்," என்று வெர்னர் தனக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு, வாய் வைக்காத தன் கிளாஸை மேசையில் ராசன் பக்கமாக மெல்லத் தள்ளி, "இன்னும் சொல்லு," என்று கேட்பதற்குக் கண்ணை மூடிக்கொண்டார்.