அப்பாவுக்குத் தெரிந்த குரல்

லிஃப்ட் கம்பெனியில் அவளை எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். ஆளைப் பார்த்தால் காரணம் கேட்கத் தோன்றாது. மெஷின் ரூம் கதவுகளில் குனியாமல் நுழைந்து இடித்துக்கொண்ட தழும்புகள் நெற்றியில் வரிசையாக இருக்கின்றன. அந்தப் பட்டப்பெயர் அவளுக்குப் பிடிக்கும். அதில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, உயரம் மட்டும்தான் இருக்கிறது. பிறந்தபோது வைத்தது பையன் பெயர். நாற்பதைத் தாண்டியும் அந்தப் பெயரையும் அந்த உடம்பையும் வாயைத் திறக்காமல் சுமந்துகொண்டிருந்தாள்.

தான் பெண் என்பது அவளுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். தெரிந்து என்ன ஆகப்போகிறது? அம்மா போய்ச் சேர்ந்தாள். அக்கா கல்யாணம் ஆகி ஊரின் மறுகோடிக்குப் போனாள். மூன்றாம் மாடி வீட்டில் அவளும் அப்பாவும் மட்டும்தான் மிச்சம்.

அப்பா பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். தன் கண்ணைப் பற்றிப் பீற்றிக்கொள்வதில் அவருக்கு அலுப்பே வராது. "அடுத்த தெருவுல நாய் தும்மினாலும் எனக்குத் தெரியும்டா," என்பார். நெட்டை பயந்தது அந்தக் கண்ணுக்குத்தான். புருவத்தை லேசாகச் சரிசெய்துகொண்டு வந்த அன்றைக்கே, "என்னடா, மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு?" என்று கேட்டுவிட்டார். அதோடு அந்த ஆசையை மூட்டை கட்டி வைத்தாள். அப்பா இருக்கும்வரை எதுவும் வேண்டாம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தாள்.

அந்த முடிவு நாளாக நாளாக உறுத்த ஆரம்பித்தது. அப்பா போனபிறகுதான் தன் வாழ்க்கை என்றால், அவர் எப்போது போவார் என்றல்லவா காத்திருக்கிறோம்? அவருக்கு ஒரு இருமல் வந்தால்கூடப் பதறிப்போய் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு ஓடினாள். அக்கம்பக்கத்தில், "பிள்ளைன்னா இப்படி இருக்கணும்," என்றார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் காதுக்குள் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல இருக்கும்.

பிறகு அப்பாவின் கண்ணுக்கே ஆபத்து வந்தது. உள்ளே அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுக்கொண்டிருந்தது. மனிதர் வீம்புக்கு யாரிடமும் மூச்சுவிடவில்லை. சுவரில் மோதிக்கொண்டு, "செருப்பு வழுக்கிடுச்சு," என்பார். தெரிய வந்தபோது நிலைமை கைமீறிப் போயிருந்தது. சொட்டு மருந்து, லேசர், ஒரு ஆபரேஷன் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. கடைசியாகக் கண் டாக்டர் இருவரையும் உட்காரவைத்து, மென்று விழுங்காமல் சொன்னார்.

"இனிமே பார்வை திரும்பாதுங்க. வலி வராமப் பாத்துக்கலாம், அவ்வளவுதான்."

அப்பா முதலில் சிரித்தார். "சரி விடு. இனிமே லைட்டைப் போட்டு என்னை எழுப்ப முடியாது." பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். அவளும் அழுதாள். ஆனால் அந்த அழுகைக்கு அடியில், அடிவயிற்றிலிருந்து ஒரு மூச்சு கிளம்பியது. 'அப்பாடா.'

அந்தச் சொல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. இனி அவர் பார்க்க மாட்டார் என்று மனசு நிம்மதிப் பெருமூச்சு விட்டிருக்கிறது. பெற்றவர் குருடாகிவிட்டார் என்று அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து சந்தோஷப்பட்டிருக்கிறாள். அந்த ஒரு நொடியை அதற்குப் பிறகு எந்த சோப்பு போட்டுக் கழுவியும் போகவில்லை.

போகவில்லைதான். ஆனால் அந்த நொடி திறந்துவிட்ட கதவை மூடவும் முடியவில்லை.

முதலில் தெருமுனை டாக்டரிடம் போனாள். விஷயத்தை முழுதாகக் கேட்பதற்குள், "இந்த வயசுலயா?" என்று கேட்டுவிட்டுத் தூக்க மாத்திரை எழுதிக்கொடுத்தார். அடுத்து, இணையத்தில் யாரோ சொன்ன மாத்திரையை வாங்கித் தானாகவே விழுங்கிப் பார்த்தாள். கெண்டைக்கால் வலித்தது. பயந்துபோய் நிறுத்தினாள். பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் இதற்கென்றே ஒரு பிரிவு இருப்பது தெரிந்தது. அவள் பலமுறை லிஃப்ட் பழுதுபார்த்த கட்டடம் அது. அந்த மாடிக்குப் போகிற பொத்தானை எத்தனையோ தடவை துடைத்திருக்கிறாள். இறங்கிப் பார்த்ததில்லை.

ஹார்மோன் டாக்டரம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஏற்கெனவே மாத்திரை ஏதாவது எடுத்தீங்களா?"

"இல்ல மேடம்."

"உண்மையைச் சொல்லுங்க. திட்ட மாட்டேன்."

"எடுத்தேன்."

"சிகரெட்?"

சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டாள். டாக்டரம்மா தலையை ஆட்டினார். "உங்க வயசு, சிகரெட், அந்த மாத்திரை, மூணும் சேர்ந்தா ரத்தம் கட்டிக்கும். முதல்ல சிகரெட்டை விடுங்க. ரத்தப் பரிசோதனை எல்லாம் பாத்துட்டு, தோல்ல தடவுற ஜெல் தரேன். அதுல ஆபத்து கம்மி. மார்பு வளரும், தோல் மிருதுவாகும், ஆனா மெதுவா. அவசரப்பட்டா எதுவும் சீக்கிரம் வராது. தாடிக்கு லேசர் தனி. ஆபரேஷன் வேணுமா வேண்டாமாங்கறது முழுக்க உங்க இஷ்டம். இது என்ன பஸ்ஸா, கடைசி ஸ்டாப் வரைக்கும் போயே ஆகணும்னு சொல்ல? எங்க வேணும்னாலும் இறங்கிக்கலாம்."

"குரல் மாறுமா மேடம்?"

"மருந்துக்குக் குரல் மாறாது. அது ஒரு தடவை உடைஞ்சா உடைஞ்சதுதான். பயிற்சி எடுத்துத்தான் மாத்தணும். அதுக்குத் தனியா ஒருத்தங்க இருக்காங்க." பிறகு பேனாவை மூடிவிட்டுக் கேட்டார். "இத்தனை வருஷம் பொறுத்துட்டீங்க. ஏன் இப்போ?"

"இப்பதான் நேரம் கிடைச்சுது," என்றாள் நெட்டை. வாய் கூசியது.

எல்லாவற்றுக்கும் சரி சொன்னாள், குரலைத் தவிர. அப்பாவுக்கு இனி பிள்ளை என்பது ஒரு குரல் மட்டும்தான். அதையும் எடுத்துக்கொண்டால் அவருக்கு யார் இருக்கிறார்கள்?

மாதங்கள் போயின. கம்பெனியில் சூப்பர்வைசரிடம் வியர்க்க விறுவிறுக்கச் சொன்னாள். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "பிரேக் செட்டிங் மறந்துபோகாதில்ல?" என்று கேட்டார். அவ்வளவுதான் விசாரணை. முதுகுக்குப் பின்னால் சிலர் இளித்தார்கள். பழகிப்போனது. உடம்பு மெல்ல அவள் பக்கம் வந்து சேர்ந்தது. கண்ணாடி முன்னால் நிற்கும்போது முதல்முறையாக அவசரமில்லாமல் நின்றாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அந்தச் சந்தோஷம் திருட்டுச் சரக்கு மாதிரி ஆகிவிடும். எதிரில் அப்பா உட்கார்ந்திருப்பார். அவள் போட்டிருக்கும் ரவிக்கையோ கட்டியிருக்கும் கூந்தலோ அவருக்குத் தெரியாது. "வந்துட்டியாடா?" என்பார். "வந்துட்டேம்பா," என்று அடித்தொண்டையில் சொல்வாள். அவள் குனிந்து அவருக்குச் செருப்பு மாட்டிவிடும்போது, அவர் பிடிமானத்துக்காகக் கையை நீட்டினால் அவள் தலையில் படும். "முடி வெட்ட நேரமில்லையாடா உனக்கு?" ஆமாம்பா, வேலை ஜாஸ்தி. ஒருநாள் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "சிகரெட்டை விட்டுட்டே, இல்ல?" என்று கேட்டார். "என்னைப் பாத்துக்கணும்னுதானே விட்டே? எனக்குத் தெரியும்." முகம் முழுக்கப் பெருமை. நெட்டை சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

கடைசியில் குரல் பயிற்சிக்கும் போனாள். காரணம் வேலைதான். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களோடு வெளியிலிருந்து பேசித் தைரியம் சொல்வது அவள் பொறுப்பு. ஒருமுறை கதவைத் திறந்தபோது, உள்ளே இருந்த அம்மாள் அவளைப் பார்த்ததும், "இவ்வளவு நேரம் பேசின ஆம்பளை எங்கே?" என்று கேட்டு மிரண்டுபோனாள். அடுத்த வாரமே பயிற்சியில் சேர்ந்தாள். தனியாக மெஷின் ரூமில் இருக்கும்போது எழுத்துக்களை இழுத்து இழுத்துச் சொல்லிப் பழகினாள். குரல் வந்தது. மெல்லிய, கொஞ்சம் கரகரத்த பெண் குரல். ஆனால் ஓயாமல் தொண்டை வலித்தது.

"வீட்டுல எப்படிப் பேசறீங்க?" என்று பயிற்சி தருகிற பெண் கேட்டாள்.

"பழைய மாதிரி. அப்பாவுக்குக் கண் தெரியாது."

"எத்தனை குரல் வேணும்னாலும் வச்சுக்கோங்க அக்கா. தொண்டை ஒண்ணுதான் இருக்கு."

நெட்டையின் அக்கா வெகுநாள் கழித்து வீட்டுக்கு வந்தது அந்தச் சமயத்தில்தான். இதையும் அதையும் சொல்லி நெட்டை அவள் வருவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு அக்கா முன்னறிவிப்பில்லாமல் வந்து நின்றாள். கதவைத் திறந்தவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். கூடத்தில் அப்பா இருந்ததால் ஒன்றும் பேசாமல் கையைப் பிடித்து உள் அறைக்கு இழுத்துப் போனாள்.

"எனக்கு இது தெரியாதுன்னு நினைச்சியா? சின்ன வயசுல என் பாவாடையை நீ எடுத்து ஒளிச்சு வச்சது யாருக்குத் தெரியாது? நீ யாரா வேணும்னாலும் இரு. ஆனா கண்ணு தெரியாத மனுஷனைப் பக்கத்துலயே வச்சுக்கிட்டு ஏமாத்துறியே, அது எப்படி முடியுது உன்னால?"

நெட்டைக்கு, தன்னைத் தானே தினமும் கேட்ட கேள்வியை இன்னொரு வாயிலிருந்து கேட்பது வேறாக இருந்தது.

"நான் சொல்ல மாட்டேன்," என்றாள் அக்கா. "நீதான் சொல்லணும்."

சொல்வதற்கு அவள் நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது அது தானாகவே வெளியே வந்தது. விடுமுறை நாள், மதியம். அப்பாவுக்குச் சாப்பாட்டைப் பிசைந்து தட்டை அவர் கையில் கொடுத்தபோது போன் அடித்தது. எங்கோ ஒரு கர்ப்பிணி லிஃப்டில் மாட்டிக்கொண்டு அழுகிறாள், கம்பெனி நேராக இணைப்பைக் கொடுத்துவிட்டது. "பயப்படாதீங்கம்மா, காத்து வரும், ஒண்ணும் ஆகாது. என் பேச்சைக் கேளுங்க, மெதுவா உக்காருங்க," என்று ஆரம்பித்தவள் ஆள் வந்து கதவைத் திறக்கும்வரை பேசினாள். வைத்தபிறகுதான் உறைத்தது. முழுக்கப் புதுக் குரலில் பேசியிருக்கிறாள்.

அப்பா ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. முகத்தை அவள் பக்கம் திருப்பி வைத்திருந்தார். "வீட்டுல யாரு வந்திருக்கா?"

"யாரும் வரலப்பா."

"அப்போ யாரு பேசினது?"

"நான்தான்."

சொன்னாள். எல்லாவற்றையும், தரையில் அவர் காலடியில் உட்கார்ந்து சொன்னாள். ஜெல், லேசர், ரவிக்கை, கூந்தல், குரல். அவர் குறுக்கே பேசவில்லை. நடுவில் கையை நீட்டி அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். தாடி இல்லாத கன்னம். கையை எடுத்துக்கொண்டார்.

"உங்க அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாதுப்பா."

"கொஞ்ச நாளா உன் நடை வேற மாதிரி கேட்டுது. ஏதோ கால் வலின்னு நினைச்சேன்." பிறகு தோளைக் குலுக்கினார். "நான் சொன்னா கேக்கப் போறியா? நாப்பது தாண்டியாச்சு. என்னமோ செய்."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் பல மாதங்களாக நெஞ்சில் கிடந்த கல் உருள ஆரம்பித்துவிட்டது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு இதை மட்டும் மறைத்தால் அதுவும் ஏமாற்றுவதுதானே என்று நினைத்தாள். ஆஸ்பத்திரியில் கண் டாக்டர் சொன்ன அந்த நொடியை, மனசுக்குள் வந்த அந்தச் சொல்லை அப்படியே சொன்னாள்.

அப்பாவின் கையிலிருந்த தட்டு சாய்ந்தது. அவள் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு உன் கை நடுங்குச்சு," என்றார். "எனக்காக நடுங்குதுன்னு நினைச்சேன்."

"உங்களுக்காகவும்தாம்பா."

"அதை மட்டும் சொல்லாம இருந்திருக்கலாம்."

அதற்குப் பிறகு அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். மருந்து, சாப்பாடு, செருப்பு, அவ்வளவுதான். ஏமாற்றுவது தப்பென்று சொன்னவர்கள் உண்டு. உண்மையும் சில நேரம் சுயநலம்தான் என்று யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. தன் பாரத்தை இறக்கிவைக்க ஒரு கிழவனின் மடிதானா கிடைத்தது? ஆஸ்பத்திரியில் மனநல ஆலோசகரிடம் போய் அழுதாள். ஒரு நினைப்பு வருவதும் ஒரு காரியம் செய்வதும் ஒன்றல்ல, அப்பாவின் கண்ணை எடுத்தது நோய், நீங்கள் இல்லை என்று அவர் பொறுமையாகச் சொன்னார். நெட்டை தலையை ஆட்டினாள். புத்திக்குப் புரிந்தது. மனசு வேறு மாடியில் நின்றுவிட்டது.

அப்பா தானாகத்தான் மெல்ல இளகினார். இளகினார் என்றுகூடச் சொல்ல முடியாது, சலித்துப்போனார். கோபத்தை வைத்துக்கொண்டு ரேடியோ மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது அவருக்கு ஒத்துவரவில்லை. ஒரு காலை, "அந்தக் குரல்ல பேசித் தொலை. ரெண்டையும் மாத்தி மாத்திக் கேட்டா வீட்டுல ரெண்டு பேர் இருக்கிற மாதிரி இருக்கு," என்றார். பேசினாள். முகத்தைச் சுளித்தார். 'டா' சொல்ல வாயெடுத்துப் பாதியில் விழுங்கினார். 'டி' வரவில்லை. இரண்டும் இல்லாமல் "இந்தா" என்று கூப்பிடத் தொடங்கினார்.

இப்போது ஆபரேஷன் பேச்சு நடக்கிறது. எல்லா யோசனைக்கும் பிறகு, செய்துகொள்வதென்று நெட்டை முடிவெடுத்திருக்கிறாள். அந்த நாட்களில் அப்பாவோடு இருக்க அக்கா ஒத்துக்கொண்டாள். அப்பாவுக்குத்தான் சம்மதமில்லை.

"மருந்து தடவுறே, சரி. குரலை மாத்தினே, சரி. கத்தி எதுக்கு? மயக்கம் கொடுத்து எழுந்திருக்கலைன்னா?"

"எழுந்திருப்பேம்பா. டாக்டர் எல்லாம் பாத்துட்டாங்க."

"உங்க டாக்டருக்கு என்ன தெரியும்? என் கண்ணையும்தான் பாத்தாங்க!"

"இது என் உடம்புப்பா. நான் முடிவு பண்ணிட்டேன்."

"பண்ணிக்கோ! எல்லாத்தையும் நீயே பண்ணிக்கோ!" என்று ரேடியோவை அலற விட்டார். நெட்டையும் விடவில்லை. தன் குரலிலேயே, மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள். பக்கத்து வீட்டுக்காரி கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். வேலைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நெட்டை இரண்டிரண்டு படியாக இறங்கினாள். அழுத்தமான, நேருக்கு நேரான கோபம். ஆஸ்பத்திரியில் வந்த அந்த 'அப்பாடா' இன்னும் உள்ளே கிடக்கிறது, அது போகாது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் எதையும் மறைக்காமல் போட்ட இந்தச் சண்டைக்காக மட்டும் அவள் வருத்தப்படவில்லை.