தாஹிரா சிஸ்டரின் விளக்கக் கடிதம்

“ஃபோன்ல நான் சொல்லித்தான் செஞ்சேன்னு எழுதிடு. அதோட முடிஞ்சிடும்” என்றார் டாக்டர்.

“அந்த வாரம் ஃபோனே செத்துக் கெடந்துச்சே சார்” என்றார் தாஹிரா சிஸ்டர்.

“மெட்ராஸ்ல உக்காந்துக்கினு இருக்கிறவங்களுக்கு அது இன்னா தெரியும்?”

“டெலிபோன் லைன்மேன் காஜா எங்க பெரியம்மா புள்ள சார். லைன் பாக்கப் போக வழியில்லாம அந்த வாரம் பூரா எங்க வூட்லதான் துன்னுட்டுத் தூங்கினான். தெருவுக்கே தெரியும்.”

டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு, நர்சுகள் பதிவேட்டிலிருந்து பேரை எடுத்துவிட்டால் எந்த ஊரிலும் நர்சாக நிற்க முடியாது, யோசித்துக்கொள் என்று சொல்லிவிட்டு வார்டுக்குப் போனார்.

கள்ளக்குறிச்சியில் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் நான் நோயாளிகளுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். பத்தொன்பது வயது. தமிழிலும் இங்கிலீஷிலும் படித்தவள் என்பதால் நர்சிங் கவுன்சிலுக்குப் பதில் எழுதும் வேலை என்னிடம் வந்தது.

விஷயம் நடந்தது எண்பத்தேழு செப்டம்பர், இடஒதுக்கீட்டு மறியல் நடந்த வாரம். சாலை நெடுக மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். கல்யாணத்துக்காகத் தியாகதுருகம் போன டாக்டர் அங்கேயே மாட்டிக்கொண்டார். பிரசவ வலி கண்ட ஆயம்மாளை கல்வராயன் மலையிலிருந்து டோலியிலும், கச்சிராயபாளையத்திலிருந்து கயிற்றுக்கட்டிலிலும் தூக்கி வந்தார்கள். மரம் கிடந்த இடங்களில் மறியலுக்கு வந்தவர்களே தோள் கொடுத்தார்களாம்.

குழந்தை வழியிலேயே பிறந்திருந்தது. நஞ்சுக்கொடி விழவில்லை, ரத்தம் நிற்கவில்லை. உள்ளே கை விட்டு நஞ்சை எடுக்க நர்சுக்கு அனுமதி கிடையாது, அது டாக்டர் வேலை. சிஸ்டர் முழங்கை வரை கழுவிக்கொண்டு எடுத்தார். ஆயம்மாள் பிழைத்துக்கொண்டார். செய்ததை அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டார் சிஸ்டர். யாரோ அதைப் பார்த்துவிட்டு மொட்டைக் கடிதம் போட, கவுன்சில் விளக்கம் கேட்டது.

அன்று மத்தியானம் சிஸ்டர் தமிழில் சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில் எழுதினேன். ஓரிடத்தில் மட்டும், ‘டாக்டர் ஃபோனில் சொன்னபடி’ என்று நானாகச் சேர்த்தேன். அவரைவிட எனக்குத்தான் பயம் ஜாஸ்தி. முடித்ததும் தமிழில் படித்துக் காட்டச் சொன்னார். அந்த வரி வந்தபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

கவுன்சில் அவர் பதிவை ஆறு மாதம் நிறுத்தி வைத்தது. அந்த ஆறு மாதமும் தன்னைப் பெற்ற அத்தாவின் வளையல் கடையில் உட்கார்ந்தார். வளையல் ஏற்றும்போதே நகத்தைப் பார்த்து, ரத்தம் கம்மியா இருக்கு, முருங்கைக்கீரை சாப்பிடு என்று சொல்லி அனுப்புவார். அவர் சொல்வதைக் கேட்கவே சிலர் வளையல் வாங்க வந்தார்கள். பிறகு ஒரு திங்கட்கிழமை, கஞ்சி போட்ட வெள்ளைப் புடவையில் ஆஸ்பத்திரிப் படியேறினார்.

இப்போது நான் வேறு ஊரில் வேலை பார்க்கிறேன். இங்கிலீஷில் ஏதாவது எழுத உட்கார்ந்தால் அந்த மத்தியானத்து டெட்டால் வாசனை வந்துவிடுகிறது.

அன்று அந்த வரியைக் கேட்டு சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. பேனாவை என் பக்கம் தள்ளி வைத்தார்.

“விஜயா, நீ பயந்துக்கினு எழுதியிருக்க. பரவால்ல. அந்த ஒரு வரிய அடிச்சிட்டு, நான் சொன்னத மட்டும் எழுதிக் குடு.”