மூன்று வேட்பாளர்கள், ஒரு கோட்டு

வாக்கு எண்ணி முடிந்த மறுநாள் காலை, ஸ்டூடியோவின் பெயர்ப் பலகையைத் தாடையக்காவின் கணவர் மறுபடி மாட்டிக்கொண்டிருந்தார். வாக்குப் பதிவுக்கு முந்தின நாள் அதைக் கழற்றி வைத்தவரும் அவர்தான். இடிக்க வருகிறவன் பலகையை உடைத்துவிடுவான், நாமே பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்வோம் என்பது அவருடைய முன்யோசனை. ரொட்டி வேன் ஓட்டுகிறவர். முன்னால் போகிற வண்டி எந்த நேரமும் பிரேக் போடும் என்று நினைத்தே பிழைத்து வந்தவர். மாட்டி முடித்தபோது பலகை ஒரு பக்கம் சரிந்திருந்தது. கீழே நின்று பார்த்த தாடையக்கா, "அப்படியே விடுங்க. நிக்குதுல்ல, அது போதும்" என்றார். ஊரில் எவர் தலை ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் விடாதவர் அப்படிச் சொன்னார் என்றால், மனசு எவ்வளவு லேசாகியிருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தாடையக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் கடை வரிசையில், அடையாள அட்டைக்குப் படம் எடுக்கும் சின்ன ஸ்டூடியோ அவருடையது. நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் அவர் சொல்வது ஒன்றுதான்: "தாடையக் கொஞ்சம் இறக்குங்க." கல்லூரிப் பெண்ணுக்கும் அதே சொல், காவல்துறை அதிகாரிக்கும் அதே சொல். ஊரில் அத்தனை பேருடைய தாடையையும் இறக்கிய ஒரே ஆள் என்ற பெருமை அவருக்கு உண்டு. பதவியில் இருப்பவர்களால்கூட அது முடிந்ததில்லை.

அறை என்று சொன்னால் அறைக்கே கூச்சமாக இருக்கும். ஒரு வெள்ளைத் திரை, இரண்டு குடை விளக்கு, கால் ஆடும் நாற்காலி, நூலில் கட்டிய சீப்பு. கல்யாணத்துக்கு முன்பே அங்கே எடுபிடி வேலைக்குச் சேர்ந்தவர், பழைய முதலாளிக்குக் கண் மங்கியதும் கடையைத் தானே எடுத்துக்கொண்டார். வெளியில் நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவர், அந்தத் திரைக்கு முன்னால் மட்டும் ராணி. பேருந்திலிருந்து இறங்கியவுடன் படம், படத்தோடு பக்கத்திலேயே அட்டை கொடுக்கும் அலுவலகம், வேலை முடிந்தது என்று இருக்கிற இடம் அது ஒன்றுதான். அந்த வரிசை போனால் கணவரின் அண்ணன் ஊர்க்கோடியில் ஒரு கொட்டகை தருவதாகச் சொல்லியிருந்தார். அங்கே படம் எடுக்க ஆடு மாடுதான் வரும்.

அந்த அறையின் முக்கியப் பிரமுகரை இன்னும் சொல்லவில்லை. ஆணியில் தொங்கும் கறுப்புக் கோட்டு.

கணவர் கல்யாணத்துக்குப் போட்ட கோட்டு. பிறகு அவர் உடம்பு வளர்ந்தது, கோட்டு வளரவில்லை. ஆகவே ஸ்டூடியோவுக்கு வேலைக்கு வந்துவிட்டது. கோட்டு இல்லாமல் வருகிறவர்களுக்கு அதை மாட்டிப் படம் எடுப்பது வழக்கம். பக்கத்துக் கடையில் தையல் வேலை செய்யும் நாத்தனார்தான் அதன் முதுகைக் கழுத்திலிருந்து இடுப்புவரை கத்தரித்து, இரண்டு பக்கமும் நாடா வைத்துத் தைத்துக் கொடுத்தாள். ஒல்லியானவருக்கு இறுக்கிக் கட்டலாம், பெருத்தவருக்குத் தளர விடலாம். ஆண் பெண் பேதம் கிடையாது. முன்னால் பார்த்தால் மந்திரி, பின்னால் பார்த்தால் அறுவை சிகிச்சைக்குப் போகிற நோயாளி. ஒருமுறை இஸ்திரிப் பெட்டி சுட்டு, இடது நெஞ்சுப் பக்க மடிப்பில் ஓட்டை விழுந்தது. நாத்தனார் தடித்த நூலால் அதை அடைத்தாள். உற்றுப் பார்த்தால் ஒரு வண்டு வந்து உட்கார்ந்தது போல இருக்கும். யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள்? அட்டைப் படம் என்பது தனியாகப் பிறந்து தனியாகவே ஒரு பர்ஸுக்குள் போய் அடைகிற பொருள். இரண்டு படங்களை யாரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்லை. அந்தத் தொழில் கற்றுக்கொடுத்த நம்பிக்கை அது.

உள்ளாட்சித் தேர்தல் வந்தது. வாக்குச்சீட்டின் மேல்பாதியில், வார்டு உறுப்பினர் பதவிக்கு மூன்று வேட்பாளர்களின் படம். கீழ்ப்பாதியில் ஒரு கேள்வி: பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள கடை வரிசையை இடித்துவிட்டு வாகன நிறுத்துமிடம் கட்டலாமா? ஆம், இல்லை. மக்கள் சொல்வதை உள்ளாட்சி மன்றம் செய்தே ஆகவேண்டும் என்பது விதி.

வண்டி நிறுத்த இடமில்லாமல் ஊர் திண்டாடியது உண்மை. அந்த வரிசைக் கடைக்காரர்களே தங்கள் வண்டியை அடுத்தவர் வாசலில் நிறுத்தி அன்றாடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். ஆகவே எதிர்த்தரப்பை ஒரேயடியாக அயோக்கியர்கள் என்று எழுத வசதியில்லை. எழுத முடிந்திருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்.

வேட்பாளர் படம் வெள்ளைப் பின்னணியில், கறுப்புக் கோட்டோடு இருக்க வேண்டும் என்று தேர்தல் அலுவலகம் அறிவித்திருந்தது. முதலில் மருந்துக்கடைக்காரர் வந்தார். நாடாவைக் கட்டிக்கொண்டே அக்கா, எங்கள் வரிசையை என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டார். "உங்க கடைக்கு ஒண்ணும் ஆகாதும்மா, நான் இருக்கேன்ல" என்றார் அவர். சொன்னபோது அவருடைய தாடை தானாக மேலே போனது. இறக்கச் சொல்லிப் படம் எடுத்தார் அக்கா. அடுத்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஒரு குழு அமைத்து, அந்தக் குழு ஓர் அறிக்கை கொடுத்து, அந்த அறிக்கையை இன்னொரு குழு படித்து என்று அவர் விளக்க விளக்க, தாடை விட்டத்தை நோக்கிப் போய்விட்டது. இரண்டு தடவை இறக்க வேண்டியதாயிற்று. கடைசியில் சிமென்ட் கடை அம்மாள். "இடிச்சாலும் சிமென்ட் வேணும், இடிக்காட்டி ஒட்டுப்போடவும் சிமென்ட் வேணும். என்னை ஏன் கேக்குற?" என்றார். அந்தத் தாடை அசையவே இல்லை. அக்காவுக்கு அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

மாதிரி வாக்குச்சீட்டை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, பேருந்து நிலையச் சுவரில் ஒட்டினார்கள். அப்போதுதான் ஊர் பார்த்தது. மூன்று முகம், ஒரே கோட்டு. மூன்று நெஞ்சிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரே வண்டு.

மாலைக்குள் "வண்டுக் கட்சி" என்று பெயர் வைத்தாயிற்று. மூவரும் ரகசியமாகக் கைகோத்துவிட்டதாக ஒரு பேச்சு. மூவருக்கும் ஒரே இடத்திலிருந்து பணம் வந்து, அதில் கோட்டும் ஒன்று என்று இன்னொரு பேச்சு. மருந்துக்கடைக்காரர் ஸ்டூடியோவுக்கே வந்து, எதிரி போட்ட கோட்டை எனக்கு எப்படி மாட்டலாம் என்று கத்திவிட்டுப் போனார். எதிரிகள் இருவரும் அவருக்குப் பிறகுதான் போட்டார்கள் என்பதைக் கேட்க அவர் நிற்கவில்லை. தலைமையாசிரியர் நேரில் வரவில்லை. பொதுமேடையில் கேட்கிறேன் என்று ஆள் விட்டுச் சொன்னார்.

தாடையக்காவுக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. கடையை இடிக்கலாமா என்று ஊரே யோசித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், இடிக்க ஒரு காரணத்தையும் தானே தைத்துக் கொடுத்துவிட்டோம் என்ற கலக்கம். தைத்தது நான்தானே அண்ணி, என்று நாத்தனார் சமாதானம் சொன்னாள். ரொட்டி வேன் கணவர் தன் பங்குக்கு, என் கல்யாணக் கோட்டு எப்பவுமே ராசியில்லை என்றார். அதற்கு அக்கா பார்த்த பார்வையில் அவர் வேனை எடுத்துக்கொண்டு நேரத்துக்கு முன்பே கிளம்பிவிட்டார்.

வேட்பாளர்கள் கேள்விக்குப் பதில் சொல்லும் கூட்டம் பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. நாத்தனார் இழுத்துப் போனதால் அக்கா கடைசி வரிசையில் போய் ஒடுங்கி உட்கார்ந்தார். கடை வரிசையைப் பற்றி யார் கேட்டாலும் மேடையில் ஒரே பதில்தான்: மக்கள் தீர்ப்பே என் தீர்ப்பு. உங்கள் சொந்த வாக்கு எதற்கு என்று கேட்டால், வாக்கு ரகசியமானது. கோட்டு மட்டுமல்ல, பதிலும் ஒன்றாகவே இருப்பதாக முன்வரிசையில் யாரோ முணுமுணுத்தது மேடைவரை கேட்டது. தலைமையாசிரியருக்குச் சுருக்கென்றது.

"இது திட்டமிட்ட சதி. அந்த ஸ்டூடியோக்காரம்மா மூணு பேருக்கும் ஒரே கோட்ட மாட்டி எங்களக் கேலிப்பொருளாக்கிட்டாங்க. அவங்க இங்கதான் இருக்காங்க. பதில் சொல்லட்டும்."

மண்டபம் திரும்பிப் பார்த்தது. எழுந்திருக்காமல் இருக்க முடியாது. அக்கா எழுந்தார்.

"சதி எல்லாம் இல்லீங்க சார். எங்கிட்ட இருக்கிறதே ஒரு கோட்டுதான். உங்களுக்குன்னு தனியா எடுத்துவைக்கல. வர்றவங்க எல்லாருக்கும் அதத்தான் மாட்டுறேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது. ஆனால் முன்வரிசையில் இருந்த ஆட்டோக்காரர் அந்த 'எல்லாருக்கும்' என்பதைப் பிடித்துக்கொண்டார். பர்ஸை எடுத்து, ஓட்டுநர் உரிமத்தை உருவி, கண்ணருகே கொண்டுபோனார். "அட, என் மேலயும் உக்காந்திருக்கு" என்றார். பக்கத்தில் இருந்த நர்ஸ் கழுத்தில் தொங்கிய மருத்துவமனை அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். வண்டு. பிறகு மண்டபம் முழுக்கப் பர்ஸ் திறக்கும் சத்தம். நூலக அட்டை, வங்கி அட்டை, மூத்தோர் பயண அட்டை. கணவன் மனைவி அட்டையை ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஒப்பிட்டார்கள். ஒருவர் தன் பெண்ணுக்குப் பார்த்த மாப்பிள்ளையின் படத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கி, கோட்டும் சூட்டுமாக இருக்கிற பையன் என்றுதானே சம்மதித்தேன் என்று அங்கேயே தலையில் கை வைத்தார். கூட்டத்தை நடத்திய அதிகாரி அமைதி அமைதி என்று மேசையைத் தட்டினார். அவர் சட்டையில் குத்தியிருந்த அட்டையிலும் அது இருந்தது; எட்டிப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

சிரிப்பு அடங்கியபோது நாத்தனார் நின்றுகொண்டிருந்தாள்.

"எங்க அண்ணி பதில் சொல்லிட்டாங்க. இப்ப நான் ஒண்ணு கேக்குறேன். நீங்க மூணு பேரும் போட்டு அவுத்த கோட்டு அந்தக் கடையில தொங்குது. அந்தக் கடைய இடிக்கணுமா, வேணாமா? மக்கள் தீர்ப்பு இருக்கட்டும். நீங்க சொல்லுங்க."

மருந்துக்கடைக்காரர் தண்ணீர் குடித்தார். தலைமையாசிரியரும் தண்ணீர் குடித்தார். சிமென்ட் கடை அம்மாளுக்கு முன்னால் டம்ளர் வைக்க மறந்திருந்தார்கள். அதனால்தான் அவர் முதலில் பேசினார் என்று அவருக்கு ஆகாதவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

"என் உடம்புக்கு இந்த ஊர்ல வேற எந்தக் கோட்டும் மூடாது. இடிக்க வேணாம். நிறுத்துமிடத்த, சும்மா கெடக்குற பழைய லாரி ஷெட்டுல கட்டிக்கலாம்."

மண்டபம் கைதட்டியது. மற்ற இருவருக்கும் திடீரென்று லாரி ஷெட் நினைவுக்கு வந்தது. தாங்களும் அதைத்தான் நெடுநாளாக யோசித்து வந்ததாகச் சொன்னார்கள். கடைசி வரிசையிலிருந்து தாடையக்கா அந்த இரண்டு தாடைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். இறக்கச் சொல்ல வாய் துறுதுறுத்தது, சொல்லவில்லை.

வாக்கு எண்ணும் நாளன்று கடையைத் திறக்கவே அக்காவுக்குத் துணிவில்லை. பலகை வீட்டுக் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. கோட்டை மடித்து ஒரு அட்டைப்பெட்டியில் போட்டாயிற்று. மாலையில் நாத்தனார் ஓடிவந்தாள். வாசலில் நின்று மூச்சு வாங்கினாள். "சொல்லித் தொலையேன்டி" என்றார் அக்கா. "'இல்லை'தான் அண்ணி ஜெயிச்சிருக்கு" என்றாள் அவள். ஒரு பேருந்து நிறைந்து, மிச்சப் பேர் கம்பியைப் பிடித்துத் தொங்குகிற அளவு வாக்கு வித்தியாசம். பெரிய வெற்றி என்று சொல்ல முடியாது. ஒரு கடை நிற்க அது போதும். அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து, பசிக்கிறது என்றார்.

வார்டில் ஜெயித்தது சிமென்ட் கடை அம்மாள். பலகை ஏறிய மறுநாளே உறுப்பினர் அட்டைக்குப் படம் எடுக்க வந்தார். உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த புதுக் கோட்டு ஒன்றைக் கையில் கொண்டுவந்திருந்தார். போட்டுப் பார்த்தால் துணி விளக்கு வெளிச்சத்தில் பளபளத்தது, முகம் எடுபடவில்லை. அக்கா மறுபடி ஆணிக்கு வந்திருந்த பழைய கோட்டைப் பார்த்தார். அம்மாள் திரும்பி நின்று முதுகைக் காட்டினார். அக்கா நாடாவைத் தளரக் கட்டினார்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் அம்மாள் அறையைச் சுற்றிப் பார்த்தார். கூரையில் ஒரு மூலை ஒழுகிக் கறை படிந்திருந்தது.

"கவலைப்படாத. அடுத்த மழைக்குள்ள உங்க வரிசைக்கே புதுக் கூரை போட்டுத் தர்றேன்."

அந்த அசையாத தாடை, முதல் தடவையாக, மெல்ல மேலே போனது.

தாடையக்கா இறக்கச் சொல்லவில்லை. கடை வாக்குச்சீட்டில் நின்றுவிட்டது. கூரை இனி, ஒழுகலுக்கு அடியில் வைக்கிற வாளியில் நிற்கட்டும். சிரிப்பை அடக்கிக்கொண்டு, தாடை இருந்த உயரத்திலேயே படத்தை எடுத்தார்.