பருத்திக்காட்டில் அடித்த ஒட்டடை

என் நாத்தனார் லாவண்யா, சிலந்திகள் எப்படி ஜோடி சேர்கின்றன என்று ஆராய்ச்சி செய்கிறாள். இதை வெளியாள் யாரிடமும் சொல்லக் கூடாது என்பது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம். பூலாம்பாடியில் எவனாவது குடித்துவிட்டுத் தெருவில் கிடந்தால் அதைச் சிரித்துக்கொண்டே பேசுவார்கள். விலங்கியல் படித்த பெண் பருத்திக்காட்டில் உட்கார்ந்து சிலந்தியைப் பார்த்தால் மட்டும் குடும்ப மானம் போய்விடும். நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவள் பெரம்பலூரில் ஒரு தனியார் கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். பஸ் ஏறுவதற்கு முன்னாலும் விடுமுறை நாட்களிலும் அவளைக் காட்டில்தான் பார்க்கலாம். என் மாமனார் அமிர்தலிங்கம் கிழக்கு ஓரத்துப் பருத்தியை மட்டும் மருந்தடிக்காமல் அவளுக்காக விட்டுவைத்திருந்தார். ஐப்பசி மழை விட்டதும் அங்கே செடிக்குச் செடி வலைதான். நடுவில் பெருக்கல் குறி போட்டதுபோல வெள்ளைக் கோடு இழுத்து, அதன்மேல் கால்களை நீட்டி ஒரு பெரிய சிலந்தி உட்கார்ந்திருக்கும். அது பெண். வலையின் ஓரத்தில் அரிசி அளவில் ஒன்று ஒதுங்கி நிற்கும். அதுதான் மாப்பிள்ளை.

காபி கொண்டுபோகிற சாக்கில் நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அந்தப் பொடியன் திடுதிப்பென்று அவளிடம் போய்விடுவதில்லை. வலையில் ஒரு இடத்தை அறுத்து, அங்கே தனியாக ஒரு இழை கட்டி, அதில் தொங்கிக்கொண்டு தட்டுவான், உதறுவான், கொஞ்சம் நிறுத்துவான், மறுபடியும் தட்டுவான். அவளுக்குச் சம்மதம் என்றால் அந்த இழைக்கு வந்து தொங்குவாள். இல்லையென்றால் வலையை ஒரு உலுக்கு உலுக்குவாள், ஐயா போய் இலையில் விழுவார். சேர்ந்த கையோடு அவனைத் தின்றுவிடுவதும் உண்டு. கேள்விப்படுகிறவர்கள் காதில் அது ஒன்றுதான் ஏறும். லாவண்யாவுக்கு வேண்டியது வேறு. எப்படித் தட்டினால் அவள் வருகிறாள், எப்படித் தட்டினால் வருவதில்லை என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். எது எதென்று அடையாளம் தெரிய, பெண் சிலந்திகளின் முதுகில் என் நெயில் பாலிஷால் புள்ளி வைத்திருந்தாள். நான்தான் எடுத்துக்கொடுத்தேன்.

இந்த நேரத்தில்தான் உடையார்பாளையத்துப் பக்கமிருந்து ஒரு வரன் வந்தது. பையன் பெயர் சுதர்சன், அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில் என்ஜினியர். பெண் பார்க்க வந்த அன்று, பெண் என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்று அவன் அம்மா கேட்டார். லாவண்யா வாயைத் திறப்பதற்குள் அவள் தாய்மாமன் ராசாங்கம், பட்டுப்புழு என்று சொல்லிவிட்டார். கொஞ்சமும் கூசாமல் சொன்னார். அந்தம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. கல்யாணப் பட்டுக்குக் கடை கடையாக அலைய வேண்டியதில்லை என்றார், எல்லாரும் சிரித்தார்கள். அதே வாயால், கல்யாணத்துக்கு அப்புறம் ஆராய்ச்சி கீராய்ச்சி என்று வெயிலில் அலைய வேண்டாம், வீட்டில் இருந்தால் போதும் என்றும் சொன்னார். எங்கள் ஆட்கள் அதற்கும் தலையாட்டினார்கள். லாவண்யா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெண் தலை குனிந்து நின்றால் சம்மதம் என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. கார்த்திகையில் பூ வைத்து உறுதி செய்ய நாள் குறித்துவிட்டுப் போனார்கள்.

அவர்கள் போனதும் லாவண்யா தன் அப்பாவிடம் போய், எனக்கு இந்த இடம் வேண்டாம், முதலில் ஆராய்ச்சிப் படிப்பை முடிக்கிறேன் என்று தெளிவாகச் சொன்னாள். நான் அங்கேதான் நின்றேன். அவர் ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டினார். அவளுக்குக் கிடைத்த பதில் அதுதான்.

பூ வைக்க வருகிறவர்கள் வெற்றிலை மாற்றியதும் காட்டையும் கிணற்றையும் ஒரு சுற்று பார்த்துவிட்டுப் போவது வழக்கம். அதற்காக வீட்டை ஒட்டடை அடித்துக் கழுவினோம். முந்தின நாள், லாவண்யா கல்லூரிக்குப் போயிருந்த நேரம், ராசாங்கம் அந்த ஒட்டடைக் குச்சியைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போனார். சம்பந்தி வரும்போது காடு நூலாம்படையாகக் கிடக்கக் கூடாதாம். கிழக்கு ஓரத்தில் ஒரு செடி விடாமல் சுற்றி இழுத்து, விழுந்ததைக் காலால் தேய்த்துவிட்டு வந்தார். உலகத்தில் பருத்திக்காட்டுக்கு ஒட்டடை அடித்த மனிதர் ஒருவர் உண்டென்றால் அவர் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். வந்து உட்கார்ந்து காபி கேட்டார். விஷயம் தெரியாமல் நானும் போட்டுக் கொடுத்தேன்.

சாயங்காலம் லாவண்யாவோடு நானும் காட்டுக்குப் போனேன். தப்பித்தது ஏதாவது இருந்தால் புதிதாக வலை கட்டிக்கொள்ளும். ஆனால் புள்ளி வைத்தவை எல்லாம் மண்ணில் நசுங்கிக் கிடந்தன. பருவம் முடியப்போகிறது, இனி அடுத்த மழைக்குத்தான் முதலிலிருந்து தொடங்க முடியும். கல்யாணம் ஆகிவிட்டால் அதுவும் கிடையாது. அவள் அழவில்லை. ஆத்திரத்தில் எனக்குத்தான் அழுகை வந்தது. வீட்டுக்கு வந்து, யாரைக் கேட்டு இதைச் செய்தீர்கள் என்று மாமனிடம் கேட்டாள்.

"உன்னைய எதுக்குக் கேக்கணும்? காடு உங்கப்பனுது" என்றார் ராசாங்கம்.

மறுநாள் தட்டுகளோடு வந்து இறங்கினார்கள். கூடத்தில் லாவண்யாவை உட்கார வைத்தோம். சுதர்சனின் அம்மா மல்லிகைச் சரத்தை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் வந்தார். லாவண்யா எழுந்து அவர் பக்கம் திரும்பி நின்றாள்.

"பூ வைக்கிறதுக்கு முன்னாடி என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கணுங்க. யாரும் கேக்கல. எனக்கு இதுல விருப்பம் இல்லங்க. நான் ஆராய்ச்சி பண்றது பட்டுப்புழுவும் இல்ல, சிலந்தி."

ராசாங்கம் குறுக்கே பாய்ந்து, சின்னப் பெண் பயத்தில் உளறுகிறாள், நீங்கள் வையுங்கள் என்றார். அந்தம்மாவும் சரத்தைக் கீழே வைக்கவில்லை. எல்லாம் கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று அவள் தோளைப் பிடித்துத் திருப்பப் பார்த்தார். அப்போது சுதர்சன் எழுந்தான். காதெல்லாம் சிவந்திருந்தது.

"அவங்க இல்லன்னுட்டாங்கம்மா. கெளம்பலாம்."

யார் முகத்தையும் பார்க்காமல் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டான். மற்றவர்களும் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார்கள்.

வண்டி தெரு திரும்பியதும் ராசாங்கம் ஆடித் தீர்த்தார். புருஷனைத் தின்கிற பூச்சியைப் பார்த்துப் பார்த்து இவள் புத்தியும் அப்படியே ஆகிவிட்டது என்று கத்தினார். அந்த வீட்டில் பெரியவர்கள் முன்னால் நான் அதுவரை குரல் உயர்த்தியதில்லை. அன்று என்னால் அடக்க முடியவில்லை.

"இந்த வூட்டுல தின்னது யாரு? அவ ஒரு வருச ஒழைப்ப முழுசா தின்னுட்டு நிக்கிறது நீங்கதான்."

இனி அவளுக்குக் காடும் கிடையாது ஒன்றும் கிடையாது என்றார் மாமனார். அவர் பேச்சைப் பாதியில் வெட்டி, எறையூரில் என் அப்பாவின் கரும்புக்காட்டு வேலி ஓரமெல்லாம் இதே வலைதான், அடுத்த மழைக்கு அங்கே வா என்று லாவண்யாவிடம் எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். அவள் வரேன் அண்ணி என்றாள். மாமனார் என்னோடு பேசுவதை அன்றோடு நிறுத்திக்கொண்டார். நிறுத்தட்டும்.

விருந்துக்கு வாங்கிய வாழை இலையைப் பின்கட்டில் நானும் என் வீட்டுக்காரர் அறிவுச்செல்வனும் கட்டிவைத்தோம். கூடத்தில் அத்தனை நடந்தும் தங்கைக்காக வாயைத் திறக்காத மனிதர், அந்தப் பையன் பாவம், முகம் செத்துப்போய்விட்டது என்றார். பாவம்தான், ஆனால் எழுந்து போனானே என்றேன். அவர் அடுத்த கட்டுக்குக் கயிற்றை எடுத்தார். எங்கள் கல்யாணத்தில் என்னையும் யாரும் கேட்கவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

"அன்னிக்கு நான் உன்னக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?" என்றார்.

"சரின்னுதாங்க சொல்லியிருப்பேன். நீங்க கேக்கலயே. அதான் எனக்கு இன்னும் ஆறல."